பெட்டி மாற்றும் கிருமி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"சொட்டு மருந்து கொடுத்தும் குழந்தைக்குப் பேதி வந்ததே, மருந்தால் என்ன பயன்?" என்று நம் காலனித் தாய் ஒருவர் வினவினார். அதற்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸை 1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். சக்கரம் போன்ற உருவமுடைமையால் அப்பெயர் பெற்றது. அதன் மரபுப்பொருள் 11 துண்டுகளால் ஆனது. இருவகைக் கிருமிகள் ஒரே உயிரணுவினுட் புகுந்தால், யார்டில் இரு ரயில்களின் பெட்டிகளை மாற்றிக் கோத்தாற்போல் துண்டுகள் இடம்மாறிப் புதுவகை பிறக்கின்றது. ஜி1பி8, ஜி2பி4, ஜி9பி8 என மனிதரிடை உலவும் வகைகள் பல. ஆதலின் ஒருமுறை வந்தது மீண்டும் வரக்கூடும். எனினும், பெரும்பாலும் முதல் தாக்குதலே கொடியது.

இம்மாற்றம் நன்மையும் செய்தது. 1980-களில் டில்லியில், நோய்க்குறி இன்றியிருந்த பச்சிளங் குழந்தையிடம் ஒரு கிருமி கிடைத்தது. அதன் ஒரு துண்டு மாட்டுக் கிருமியினின்று வந்தது! அதிலிருந்தே 'ரோட்டாவாக்' உருவாயிற்று. ஒருவகையினின்று ஆக்கப்பட்டதாயினும் பிறவகைகளின் கடுமையையும் அது தணிக்கின்றது.

பேதிக்கு வேறு கிருமிகளும் காரணமாகலாம். மருந்து எல்லாவற்றையும் தடுப்பதன்று. உயிர்க்கு உலைவைக்கும் கடுமையைக் குறைப்பதே அதன் பயன். ஆதலின் 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு இலவசமாக வழங்கும் ரோட்டா தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள். பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்; தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; குழந்தை சோர்ந்தால் மருத்துவரிடம் விரையுங்கள்.