நாள் தள்ளிப் போனால் மருந்துக் கடைக்குப் போகலாமா?

(கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பெண் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



ஷிப்ட் முடிந்து வரும்போது தலைவலி. வழியிலே மருந்துக் கடை. "அண்ணே, ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். நாள் தள்ளிப் போனாலும் அதே கடைதான்! இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கரு உண்டான 3ஆம் வாரம் முதல் 8ஆம் வாரத்துக்குள் குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு, கை கால்கள் உருவாகின்றன. மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளியிருக்கும்போதே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். "முழுகாம இருக்கேனோ" என்று நமக்குச் சந்தேகம் வரும் காலம்தான் அது. அப்போது சில மருந்துகள் தாயின் இரத்தம் வழியே கருவை அடைந்து கெடுத்துவிடும்.

1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961இல் அங்கே நிறுத்தினார்கள். அதற்குள் பல நாடுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தன.

நம் நாட்டிலும் நடந்தது. ஈ.பி. ஃபோர்ட் என்ற ஹார்மோன் மருந்தைக் கொடுத்து, "உதிரம் பட்டால் கர்ப்பம் இல்லை" என்று சோதித்தார்கள். கருவுக்குக் கேடு வரும் என்ற அச்சத்தால் 1982இல் அரசு தடை விதித்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடின. 1988இல்தான் தடை முடிவானது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

1. நாள் தள்ளினால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. காசு வேண்டாம்.

2. எந்த டாக்டரிடம் போனாலும், எக்ஸ்ரே எடுக்கப் போனாலும், "எனக்கு நாள் தள்ளியிருக்கு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

3. வலிப்பு, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தைராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவும் ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். தேவையானால் மருந்தை மாற்றித் தருவார். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கக் கூடியது.

4. தெரியாமல் ஏதாவது விழுங்கிவிட்டீர்களா? பயந்துபோய்க் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். எல்லா மருந்தும் கெடுப்பதில்லை. அந்த மாத்திரை அட்டையை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. மருந்து என்றாலே விலக்க வேண்டாம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை குழந்தையின் முதுகுத்தண்டைக் காக்கும். அதைக் கருவுறும் முன்பே தொடங்குவது நல்லது.

மாமியார்மார்களே, கணவன்மார்களே! கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது பல வீடுகளில் நீங்கள்தான். இனி வாங்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நாள் ஏதும் தள்ளியிருக்கா?"

அந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.