மாற்றத்துள் மாறாதவை



விறகு எரிந்து சாம்பலாகிறது, கற்பூரம் இருந்த இடமே தெரியாமல் மறைகிறது, இரும்பு துருவேறுகிறது. இம்மாற்றங்களுக்கிடையே மாறாதது ஏதேனும் உண்டா? பௌதிகத்தினதும் இரசாயனத்தினதும் அடிப்படை விதிகள் இக்கேள்விக்கே விடை கூறுகின்றன.

1774ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து அறிஞர் இலவாசியே வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலமொன்றில் இட்டு, வாயை அடைத்து, நிறுத்தபின் சூடாக்கினார். உலோகத்தின் ஒரு பகுதி பொடியாயிற்று. மொத்த நிறையோ மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் வெளிக்காற்று உட்புகுந்தது. அப்பொழுதுதான் நிறை கூடிற்று. உள்ளிருந்த காற்றின் ஒரு பகுதி உலோகத்தோடு சேர்ந்துவிட்டதென்பது இதனால் விளங்கிற்று. அப்பகுதிக்கே பின்னர் ஒட்சிசன் என்று பெயரிட்டார். கற்பூரமும் அழிந்துபோவதில்லை; காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் கரியாகவும் காற்றிற் கலக்கிறது. இதுவே திணிவுக் காப்பு விதி.

சேர்க்கைக்கும் விதியுண்டு. கங்கை நீராயினும் கீரிமலைக் கேணி நீராயினும், தூயதாக்கிப் பகுத்தால் 9 கிராமில் ஏறக்குறைய 8 கிராம் ஒட்சிசனும் 1 கிராம் ஐதரசனுமே காணப்படும்.

சக்திக்கும் இத்தகைய விதியொன்றுண்டு. 1840ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே யூல் என்பவர், இறங்கும் படிக்கற்களினால் நீரிலே துடுப்புகளைச் சுழலச் செய்து, எழுந்த வெப்பத்தை அளந்தார். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற கணக்கு நிலையானதென்று கண்டார். சக்தி உருமாறும், அழியாது.

இதைத்தான் நமது சைவசித்தாந்தம் சற்காரியவாதம் என்று அன்றே கூறியது எனப் பெரியோர் சிலர் சொல்லக்கூடும். அக்கொள்கையின் ஆழத்தை எண்ணிப் பெருமைப்படுவோம். ஆயினும் அது காரண காரியங்களை ஆராய்ந்த தத்துவ நெறியிலே பிறந்தது. எத்தனை கிராம் என்று அது கேட்கவில்லை. விஞ்ஞான விதியோ என்றும் தராசின் முன் நிற்க வேண்டியது. பிழைத்தால் திருந்த வேண்டியது.

அவ்வாறு திருந்தியும் இருக்கிறது. திணிவும் சக்தியின் ஓர் உருவமே என்று 1905இல் ஐன்ஸ்ரைன் காட்டினார். பின்னர், சில அணுக்கருக்கள் இலத்திரனை வெளிவிடும்போது சக்தியின் ஒரு பகுதி காணாமற்போவதுபோலத் தோன்றிற்று. நீல்சு போர் போன்ற பேரறிஞரே சக்திக் காப்பு விதியை ஐயுற்றார். அதுவரை எவரும் அறியாத துணிக்கையொன்று அச்சக்தியைக் கொண்டு செல்கிறது என்று 1930இல் பவுலி கருதினார். நியூத்திரினோ எனப்படும் அத்துணிக்கையை 1956இல் இறெயின்சும் கவனும் கண்டறிந்தனர். விதி நிலைத்தது, ஐயுற்றவரின் பெருமையும் குறையவில்லை.

இளைஞர்களே, நமது சமயத்துக்கு ஆய்வுகூடத்தின் நற்சான்றிதழ் தேவையில்லை. ஆய்வுகூடத்துள் நுழையும்போது, முன்னோர் இதை அறிந்திருந்தனர் என்ற எண்ணத்தோடு நின்றுவிடாமல், தராசைக் கையில் எடுப்போம். பெரியோர்களே, கேள்வி கேட்கும் பிள்ளையை நாத்திகன் என்று ஒதுக்காதீர்கள். அவன் கேட்கட்டும், அளந்து பார்க்கட்டும்.