நகரத்தின் இரைச்சலும் நிலத்தின் ஆழமும்



நிலநடுக்கத்தை ஆராய்வோர்க்கு நகரத்தின் இரைச்சல் நெடுங்காலம் தொல்லையாகவே இருந்தது. விலக்கப்பட்ட அவ்விரைச்சலே நிலத்தின் ஆழத்தை உரைக்கும் என்பது பின்னரே தெளிந்தது. சிறு ஒலிக்கும் செவிசாய்க்கும் கவிஞர்க்கு இது வியப்பாக இராது.

1985 செப்டம்பர் 19 காலையில் மெக்சிகோவின் பசிபிக் கரையருகே பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. தலைநகரான மெக்சிகோ நகரம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. எனினும் ஆயிரக்கணக்கானோர் அங்கே மாண்டனர். அந்நகரின் பெரும்பகுதி, அஸ்டெக் மக்கள் தம் தலைநகரை அமைத்த டெக்ஸ்கோகோ ஏரியின் படுகைமேல் நிற்கிறது. ஏரிநீர் வடிக்கப்பட்டது, களிமண் எஞ்சியது. குன்றுப்புறப் பாறை நிலத்து வீடுகள் பெரும்பாலும் தப்பின. களிமண்மேல் நின்ற, ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களே மிகுதியாகச் சரிந்தன.

காரணம் ஒத்ததிர்வு. மென்மண் அடுக்குக்கு அதன் தடிப்பை ஒட்டி இயல்பான தாளம் ஒன்று உண்டு. ஏரிப்படுகையின் பல இடங்களில் ஓர் அசைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகும். வந்த அலையின் தாளமும் அதுவே. சேதமுற்றுத் தளரத் தளர, கட்டடங்களும் அத்தாளத்தை நெருங்கின.

ஆகவே களிமண்ணின் தடிப்பை அறிதல் உயிர்காக்கும் அறிவாகிறது. நகரெங்கும் ஆழ்துளையிடுதல் இயலாது. ஜப்பானில் முன்னரே அரும்பிய ஒரு முறையை 1989இல் யுடக்கா நகாமுரா பரவலாக்கினார். கடலலையும் காற்றும் வண்டிகளும் இயந்திரங்களும் நிலத்தை ஓயாது நுண்ணளவில் நடுக்குகின்றன. தெருவோரம் ஓர் அதிர்வுமானியைச் சிறிது நேரம் வைத்து, கிடைமட்ட அசைவைச் செங்குத்து அசைவால் வகுத்தால், ஓர் அதிர்வெண்ணில் அவ்விகிதம் முகடாக உயரும். மண்ணில் குறுக்கலை செல்லும் வேகத்தை அவ்வதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க, அடியிலுள்ள கடினத் தளத்தின் ஆழம் கிட்டும். வேகம் விநாடிக்கு 80 மீட்டர், அதிர்வெண் விநாடிக்கு 0.5 எனின், ஆழம் 40 மீட்டர்.

முறைக்கு எல்லையும் உண்டு. வேகத்தைப் பிழையாகக் கொண்டால் ஆழமும் பிழைபடும். மண்ணுக்கும் பாறைக்கும் கடினத்தில் பெரிய வேறுபாடு இல்லையெனில் முகடு தெளிவாகத் தோன்றாது. பாறைத் தளம் செங்குத்தாகச் சரியும் இடத்தில் எளிய கணக்கு பொருந்தாது. சில ஆழ்துளைகளோடேனும் ஒப்பிட்ட பின்னரே முடிவை நம்பலாம்.

2017இல், அதே செப்டம்பர் 19 அன்று, மெக்சிகோ நகரம் மீண்டும் நடுங்கியது. இம்முறை அலையின் தாளம் விரைவானது. களிமண் தடிப்புக் குறைந்த மேற்குப் பகுதிகளே பெரிதும் இடிந்தன. ஒரே நகரில் தெருவுக்குத் தெரு ஆழம் வேறு, ஆபத்தும் வேறு. கட்டடம் எழுமுன் அந்நிலத்தின் தாளத்தைக் கேட்டறிதல் கட்டுவோர் கடமை.