தோலுக்குள் இருந்த கேள்வி

உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யப் போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். எந்தத் துறைக்கு இப்போது மவுசு என்றுதான் எல்லாரும் விசாரிக்கிறீர்கள். உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் எந்தப் பொருள் இருக்கிறது, அதில் இன்னும் அவிழாத முடிச்சு எது என்று விசாரியுங்கள் என்கிறேன் நான். ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று வந்தபோது எக்ஸ் கதிர்ப் படிகவியல் அவருக்குக் கைவந்த வித்தை. அதை எதன்மேல் பிரயோகிப்பது என்பதுதான் முடிவாகவில்லை. சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் புரதம் அது. ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் பதப்படுவதும் அதுதான். வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோமே, அந்தத் தோல்! மாதிரிகள் பக்கத்திலேயே, அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தன. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் முன்வைத்த மூவிழை அமைப்பு ‘நேச்சர்’ இதழில் வந்தது.

உள்ளூர்ப் பொருளை எடுத்தால் ஆய்வும் உள்ளூரோடு நின்றுவிடாதா என்பீர்கள். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்கிடத் தொடங்கினார் ராமச்சந்திரன். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடனும் அவர் வெளியிட்ட வரைபடத்தில் வைத்துத்தான் புரத அமைப்புகளை இன்றும் உலகெங்கும் சரிபார்க்கிறார்கள். மவுசுள்ள துறையில்தானே உதவித்தொகையும் வேலையும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வீட்டுக் கடனைச் சுமக்கும் மாணவரிடம் அதை அலட்சியமாகப் பேசக் கூடாது. ஆனால் இன்றைய மவுசு, நீங்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள்வரை நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மரபணு வரிசையறிதலைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அது கருவி, எங்கே போனாலும் சோறு போடும். அதைச் செலுத்தும் பொருள் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். தேர்வு பிசகினால்? மாற்றிக்கொள்ளலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவரான பிறகுதான் உயிரியல் பக்கம் திரும்பினார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல்!

கைக்கெட்டும் பொருளுக்கு ஓர் உதாரணம்: நம் திருவண்ணாமலை மலையில் பல ஆண்டுகளாக மரம் நட்டுக் காட்டை மீட்கிறார்கள். கோடையில் தீயும் பிடிக்கிறது. நட்ட சரிவின் மண்ணில் வாழும் பூஞ்சைகளும் மொட்டைச் சரிவின் பூஞ்சைகளும் ஒன்றா? தீக்குப் பிறகு எவை முதலில் திரும்புகின்றன? அந்த மண்ணை அள்ள வனத்துறை அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைக் கோடைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.