வண்டிக்கு வயது 15: புதுப்பிப்பதா, விடுவதா?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தாய்மொழிப் பள்ளியைப் பற்றியும், ரேஷன் அட்டையைப் பற்றியும், குடிசை மாற்றத்தைப் பற்றியும் பேசிய இந்த மேடையில் பழைய காரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கார் வைத்திருப்பவன் பணக்காரன், அவன் கவலை நமக்கெதற்கு என்ற காலம் மலையேறிவிட்டது. நம்மில் பலர் இன்று வைத்திருப்பது இரண்டு கை, மூன்று கை மாறி வந்த வண்டி. வயதான தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டி திடீரென்று ஒரு நாள் சட்டப்படி இல்லாத வண்டியாகிவிட்டால் அடி விழுவது யாருக்கு? புது வண்டிக்கு உடனே பணம் எடுத்து வைக்க முடியாதவனுக்கு!

சில வாரங்களுக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு பெரியவர் ஆர்.சி. புத்தகத்தோடு வந்தார். "தம்பி, சிக்னலில் போலீஸ்காரர் மடக்கி, பதிவு முடிந்து நாலு மாதம் ஆகிறது என்கிறார். நான்தான் வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிட்டேனே!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வரியைக் கட்டியதால் வண்டிக்கும் ஆயுள் உண்டு என்று நம்பிவிட்டார். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆகவே முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41 ஆவது பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்கான காருக்கோ இருசக்கர வண்டிக்கோ கொடுக்கப்படும் பதிவுச் சான்று 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். வரி வேறு, பதிவு வேறு. காலாவதி நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் படிவம் 25-இல் விண்ணப்பிக்க முடியும். வண்டியை நேரில் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். தேதி தாண்டிய பிறகு, புதுப்பிக்கும் வரை அதைப் பொதுச் சாலையில் எடுக்கவே கூடாது என்கிறது விதி.

கட்டணத்தையும் கேளுங்கள். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய் 1,000 ஆயிற்று. தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் என்பதும் அப்போதே வந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதற்கு மேல் மகாராஷ்டிரத்தில் பழைய வண்டிக்குச் சுற்றுச்சூழல் வரி, தமிழ்நாட்டில் பசுமை வரி. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், கட்டப் போகும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ அரசின் பரிவாகன் தளத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். தரகர் சொல்லும் தொகையை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள்.

பெரியவருக்கு வந்தது அபராதத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி திருடுபோன வழக்கில், செல்லத்தக்க பதிவு இல்லாததால் காப்பீட்டுப் பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியிருக்கலாம். பதிவு செத்திருந்தால் அந்தக் காப்பீடு கை கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சரி, புதுப்பிப்பதா, விடுவதா? இதில் நம்மவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று பாசத்தால் செய்வது. முதன்முதலில் சொந்தமாக வாங்கிய வண்டி, ராசியான வண்டி என்று, துருப்பிடித்த வண்டிக்கு மேலும் மேலும் பணம் கொட்டுவது. மற்றொன்று பயத்தால் செய்வது. 15 ஆண்டு ஆனால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? இந்த நகரத்தின் கருப்பு மஞ்சள் பத்மினி டாக்சியை நாம் எல்லோரும் அறிவோம். மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் அலுவலகத்தில் பதிவானது. 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டிகள் இந்த ஊர்ச் சாலையில் டாக்சியாக ஓடவில்லை. அதைப் பார்த்தவர்கள் தங்கள் வண்டிக்கும் அதே கதிதான் என்று எண்ணிக்கொண்டார்கள். அது வாடகை வண்டிக்கான வரம்பு. சொந்த வண்டிக்குச் சோதனையில் தேறினால் புதுப்பிக்க வழி இருக்கிறது.

ஆகவே பாசமும் வேண்டாம், பயமும் வேண்டாம். காலாவதிக்கு ஓராண்டு முன்பே உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி, வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது? நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இது கடற்காற்று வீசும் ஊர். நான்கு மாத மழை. மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் இரும்பு அப்பளமாக நொறுங்கும். என்ஜினைப் பிரித்துச் சரி செய்யலாம், பிரேக்கை மாற்றலாம், டயரை மாற்றலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் இடமே துருவேறிவிட்டால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள், அதற்கான செலவைக் கேளுங்கள். சேஸி எண் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். சோதனையில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். துரு அதைத் தின்றிருந்தால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

இரண்டாம் கேள்வி, கணக்கு என்ன சொல்கிறது? பழுதுபார்க்க 40,000 ரூபாய், கட்டணமும் வரியுமாக 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000. வண்டி ஐந்தாண்டும் ஓடினால் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான், புதிய வண்டியின் கடன் தவணைக்கு முன் அது ஒன்றுமே இல்லை. இரண்டே ஆண்டில் வண்டி படுத்துவிட்டால் ஆண்டுக்கு 25,000. ஆகவே ஐந்தால் வகுக்காதீர்கள். இந்த வண்டி உண்மையில் எத்தனை ஆண்டு ஓடும் என்று மெக்கானிக் சொல்கிறாரோ, அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாம் கேள்விதான் நமக்கே உரியது. அடுத்த ஐந்தாண்டு நாம் எங்கே இருக்கப் போகிறோம்? அடுத்த தைக்கு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிச் சொல்லி இருபது தை கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நானும் அதில் ஒருவன்தான். ஆனால் வண்டி விஷயத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 47 ஆவது பிரிவு. நெல்லை எண்ணோடு வந்த வண்டியை ஆண்டுக்கணக்கில் இங்கே ஓட்டிவிட்டு, 15 ஆவது ஆண்டில் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று விழிப்பவர்கள் நம்மில் உண்டு.

ஊருக்குத் திரும்புவது உறுதியானால், பதிவு உயிரோடு இருக்கும்போதே படிவம் 28 கொடுத்து இங்கே தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். வங்கிக் கடனும் அபராதமும் பாக்கியிருந்தால் அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். அங்கே போய் வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டிப் புதிய எண் வாங்கிப் புதுப்பிக்கலாம். தேதி தாண்டிவிட்டால் இங்கிருந்து திருநெல்வேலிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியைச் சட்டப்படி ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

மூன்று கேள்விக்கும் விடை பாதகமாக வந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். ஆனால் காயலான் கடையில் தள்ளிவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் வரை, யாராவது அந்த எண்ணை வைத்து எதையாவது செய்தால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வண்டி உபயோகமற்றுப் போனதை 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் ஒரு சான்று கொடுப்பார்கள். அதைக் காட்டிப் புதிய சொந்த வண்டி வாங்கினால், மோட்டார் வாகன வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர விதியில் இடமிருக்கிறது.

தோழர்களே, இதுவரை நாம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். அரசு செய்ய வேண்டியது என்ன? வயதை மட்டும் பார்த்துச் சட்டம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகரமே சாட்சி. 15 ஆண்டு தாண்டிய வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் உத்தரவிட்டது. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்று 2015-இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை நிலைநாட்டியது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே கிடையாது என்றார்கள், ஒரே வாரத்தில் தள்ளிவைத்தார்கள். வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆகஸ்ட் 12-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் 17-இல் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயதில் தொடங்கிய வழக்கு, வண்டி எந்தப் புகைத்தரத்தில் செய்யப்பட்டது என்ற கேள்வியில் வந்து நின்றது. இடையில் நல்ல வண்டியைப் பயந்து விற்றவர்களுக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மும்பை, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் ஸ்டேஜ்-4 தரம் 2010 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே 2012-இல் சென்னையில் வாங்கிய காரும் நெல்லையில் வாங்கிய காரும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே தரமாக இருக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து பழைய வண்டி வாங்கி வருபவர்கள் ஆர்.சி.யில் தரத்தையும் பார்த்து வாங்குங்கள்.

நான் புகைக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். சாலையோரத்தில் குடியிருப்பவர்கள் நாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள். புகை கக்கும் வண்டி போகட்டும், அது என் வண்டியானாலும் போகட்டும். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்!

இன்னொரு அநீதியையும் சொல்ல வேண்டும். 2021-இல் பாரத் வரிசைப் பதிவு எண் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாம். நல்ல திட்டம். ஆனால் யாருக்கு? அரசு ஊழியருக்கும், படையினருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியருக்கும். மாற்றல் உத்தரவோடு வருபவனுக்கு வசதி. பிழைப்பைத் தேடி வந்து, இட்லிக் கடை வைத்து, கொத்து வேலை செய்து, பழைய கார் ஒன்றை வாங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவில் எங்கும் சென்று வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19 ஆவது பிரிவு எல்லோருக்கும் கொடுத்திருக்கும்போது, பதிவு எண்ணில் மட்டும் ஏன் இந்த வேற்றுமை?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். வண்டியின் வயதைக்கொண்டு அல்ல, இயந்திரத்தால் சோதித்து அச்சிட்டுத் தரும் முடிவைக்கொண்டு புதுப்பித்தலைத் தீர்மானிக்க வேண்டும். பாரத் வரிசைப் பதிவைச் சுயதொழில் செய்யும் புலம்பெயர்ந்தோருக்கும் திறந்துவிட வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பே உரிமையாளரின் கைப்பேசிக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் அறிவிப்பு வர வேண்டும். இவற்றைத் தீர்மானமாக்கிப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு கேட்கும்போது கேட்கட்டும். நீங்கள் இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். பெட்டியைத் திறந்து ஆர்.சி.யை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள், அதற்கு ஓராண்டு முன்பு இன்னொரு குறி போடுங்கள். தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். முன்பு சொன்ன பெரியவரின் வண்டி நல்ல வண்டிதான். தாமதக் கட்டணமும் கட்டிப் புதுப்பித்துவிட்டார். அந்தப் பணமும் நான்கு மாதப் பயமும் உங்களுக்கு வேண்டாம் என்று கூறி விடைபெறுகிறேன்.