பூ காய்ப்பது யாரால்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



பூவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். பூ என்றால் மாலை கட்டவும் தலையில் வைக்கவும்தானே என்று நினைப்பீர்கள். பூ நமக்காகப் பூப்பதில்லை. அது செடியின் பிள்ளைப்பேற்றுக்கான உறுப்பு. மகரந்தப் பொடி சூல்முடியில் படாவிட்டால் பெரும்பாலான செடிகளுக்கு விதையே கிடையாது.

இங்கிலாந்து தேசத்தில் 'லேடீஸ் ஸ்லிப்பர்' என்றோர் ஆர்க்கிட் செடி உண்டு. சீமாட்டியின் செருப்பு என்று அர்த்தம். அதன் ஓர் இதழ் செருப்பின் முனைபோல மஞ்சள் பையாயிருக்கும். அழகாயிருக்கிறதே என்று கண்டவரெல்லாம் வேரோடு பிடுங்கிப்போனார்கள். 1917-ல் அந்நாட்டில் அது பூண்டற்றுப் போயிற்று என்றே முடிவுகட்டினார்கள். 1930-ல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. இடத்தை வெளியில் சொல்லாமல் காப்பாற்றினார்கள். செடி சாகவில்லை, ஆனால் வருஷங்கள் பல கழிந்தும் பெருகவுமில்லை.

ஏன் பெருகவில்லை? அந்தப் பூவில் தேன் ஒரு சொட்டும் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் காட்டிச் சிறு தேனீக்களை ஏமாற்றுகிறது. பைக்குள் விழுந்த தேனீ வழுக்கும் சுவரில் ஏற முடியாமல், பின்புறமுள்ள சிறு சந்து வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும். அப்போது முதலில் சூல்முடியில் உராய்கிறது. அப்புறந்தான் மகரந்தம் உடம்பில் ஒட்டுகிறது. ஆகவே அது இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் விதை உண்டாகும். செடிகள் நிறைந்த காட்டில் இது நடக்கும். காடு துண்டு துண்டாகி ஒற்றைச் செடி நிற்குமிடத்தில், ஒரு தரம் ஏமாந்த தேனீ மறுபடி அங்கேயே நுழைவானேன்?

அது கடவுள் சித்தம் என்று கைகட்டி நின்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். தேனீயின் வேலையை மனிதர் தம் கையால் செய்தார்கள். காய் பிடித்தது. ஆனால் அவ்விதை தூசி போன்றது, அதற்குள் ஆகாரமில்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சணமில்லாமலே, சர்க்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதை முளைக்கும் என்று 1922-ல் அமெரிக்கரான நட்சன் காட்டினார். 1983-ல் கியூ தாவரத் தோட்டத்தார் ஆர்க்கிட்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் திட்டம் தொடங்கினார்கள். அப்படி வளர்த்து நட்ட இச்செடிகளில் ஒன்று 2000-ல் முதன்முதலாய்ப் பூத்தது.

இதில் இறுமாப்பு வேண்டாம். வருஷந்தோறும் மனிதன் கையையே எதிர்பார்க்கும் செடி பிழைத்ததாகாது. தேனீயும் பூஞ்சணமும் காடும் திரும்பினால்தான் அது தன் காலில் நிற்கும்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். பூசணிக்கொடியில் நாளை மலரப்போகும் பெண் பூக்கள் இரண்டை இன்று மாலையே துணியால் மூடுங்கள். காலையில் ஒன்றைத் திறந்து ஆண் பூவின் பொடியைத் தடவி மறுபடி மூடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். எது காய்க்கிறது, எது வெம்பி விழுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்து, பிறகு என்னிடம் வாதாட வாருங்கள்.