நெற்றியில் ஒட்டிய சீட்டு



கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். நாவல் படிப்பதை விட்டவனல்லன். இன்று நான் எடுத்துக்கொண்டது 2013-ல் வெளிவந்த அமெரிக்க நாவல், 'ஓப்பன்லி ஸ்ட்ரெயிட்'. எழுதியவர் பில் கோனிக்ஸ்பெர்க். விளையாட்டுச் செய்தியாளராக இருந்தபோதே, 2001-ல், தாம் தன்பாலீர்ப்பினர் என்பதைத் தம் பேனாவாலேயே உலகுக்கு அறிவித்தவர். இது இளைஞருக்கென எழுதப்பட்ட கதை. "சிறுவர் கதைதானே!" என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும்.

கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் ரேஃப் என்றொரு மாணவன். தன் மனம் ஆடவரையே நாடுகிறது என்பதை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டான். சொன்னவனை அடித்தார்களா? இல்லை. வீட்டைவிட்டு விரட்டினார்களா? இல்லை, தோழர்களே, இல்லை! பெற்றோர் தழுவிக்கொண்டனர். தாயோ, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் நடத்தும் சங்கத்தின் உள்ளூர்க் கிளைத் தலைவி. பிற பள்ளிகளுக்குச் சென்று அவன் சொற்பொழிவாற்றுகிறான். பிறகென்ன குறை?

குறை அங்கேதான் முளைக்கிறது. அவன் சிரித்தாலும், சிந்தித்தாலும், சும்மா இருந்தாலும், "அந்தப் பையன்" என்ற ஒரே பார்வை! ஆயிரம் இயல்புகளில் ஒன்று மற்ற 999-ஐயும் விழுங்கிவிட்டது. பகைவன் ஒட்டும் சீட்டை நாமறிவோம், சினந்தெழுந்து கிழித்தெறிவோம். பாசம் ஒட்டும் சீட்டைக் கிழிப்பதெப்படி? கிழித்தால் நன்றி கெட்டவன் என்பார்களே! மகன் துணிந்து சொன்னதைக் கொண்டாடிய அந்தப் பெற்றோர், மகன் களைத்துப் போனதைக் கண்டார்களா? நம்மைப் போல் மேடையேறிப் பேசுவோர் எல்லோரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு பள்ளிப் பிள்ளையின் தோளில் ஓர் இயக்கத்தின் பாரத்தையா ஏற்றுவது?

புறப்பட்டுவிட்டான் ரேஃப், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக்கில் உள்ள ஆடவர் விடுதிப் பள்ளிக்கு. அங்கே அவன் எதையும் சொல்வதில்லை. கால்பந்துக் குழுவில் சேர்கிறான். எல்லோரையும் போல் ஒருவனாகிறான். மறைத்தல் மெல்ல மெல்லப் பொய்யாக வளர்கிறது. நாடகமெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரிதாரம் பூசியவன் காட்சி முடிந்ததும் முகம் கழுவிவிடுகிறான், ரேஃபுக்கோ திரையே விழவில்லை!

பென் என்ற நண்பன் வருகிறான். நட்பு காதலாகிறது. ஓர் ஆடவனிடம் தன் மனம் போவது பென்னுக்குப் புதிது. திகைக்கிறான், இருட்டில் தடவித் தடவி நடக்கிறான். வழியறிந்த ரேஃபோ, கையிலுள்ள விளக்கை மறைத்துக்கொண்டு, தானும் தடவுவதுபோல் நடிக்கிறான்! உண்மை வெளிப்பட்டதும் பென் விலகிவிடுகிறான். நான் பென்னின் பக்கம். சீட்டைக் களைய ரேஃபுக்கு உரிமையுண்டு. நம்பியவனை ஏமாற்ற உரிமையில்லை.

"பெயரே வேண்டாம், மனிதன் என்பது போதாதா?" எனச் சிலர் கேட்பர். கேட்க இனிய கேள்விதான். ஆனால் ரேஃப் பிறந்த மண்ணின் வரலாறு என்ன சொல்கிறது? தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியதே 1973-ல்தான். 1975-ல் அதே போல்டரில் கிளீலா ரோரெக்ஸ் என்ற பெண் அலுவலர் 6 ஒருபால் இணைகளுக்குத் திருமண உரிமம் வழங்கினார். வசைமாரி பொழிந்தது அவர்மீது. 1992-ல் கொலராடோ வாக்காளர் பெரும்பான்மையோர், இம்மக்களுக்கு எந்த நகராட்சியும் பாதுகாப்புச் சட்டம் இயற்றலாகாது என்று அரசமைப்பையே திருத்தினர். போல்டர் நகரின் பாதுகாப்பு விதிக்கே வைக்கப்பட்ட வேட்டு அது! வழக்கு நடந்தது. 1996-ல் உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அத்திருத்தத்தைத் தகர்த்தது. வழக்காடியவர்கள் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டு நின்றவர்கள். அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால், சீட்டு வேண்டாமென்று சலித்துக்கொள்ளும் சுகம் ரேஃபுக்கு வாய்த்திருக்குமா?

நூலில் குறையில்லாமலில்லை. பெற்றோரைக் கோமாளிகளாக்கிச் சிரிப்பூட்டுவதில் ஆசிரியருக்கு ஆசை சற்று அதிகம். ஆனால் எழுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரைப் படைத்திருக்கிறாரே, அது அருமை! "உன் கதையை நீயே எழுது" என்று மாணவனை ஏவுகிறார் அவர். பிறர் ஒட்டிய சொல்லைச் சுமந்து சலித்தவன், அதே சொல்லைத் தன் பேனாவால் எழுதிப் பார்க்கிறான். எழுதும்போது அதன் எடை மாறுகிறது.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் கூறிவிடுகிறேன். 2017-ல் 'ஆனெஸ்ட்லி பென்' என்று தொடர் நூலை எழுதினார் கோனிக்ஸ்பெர்க். அதில் பேசுபவன் பென். தனக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று அவனும் தேடுகிறான். பிறர் நீட்டும் சொற்கள் அவனுக்கு அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை. படித்துப் பாருங்கள், தோழர்களே.